நாத்தனார் குரலுக்கு ஒரு ஊசி

"ஊருக்கெல்லாம் கேக்குது. எந்தங்கச்சி குரல் ஒனக்கு மட்டும் கேக்காதோ?"

இப்படிச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் ரெக்கார்டு பிளேயரின் கண்ணாடி மூடியை இறக்கினார். கோபம்தான். ஆனாலும் அடித்துச் சாத்தவில்லை. பிறந்த பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி மெதுவாக இறக்கினார். வந்து ஒரு வாரம்கூட ஆகாத மிஷின் அல்லவா.

நான் அடுப்படி நிலையை ஒட்டி உட்கார்ந்து சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன்.

"கேக்குதுங்க. ஆனா சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ முணங்குற மாதிரி கேக்குது. அந்த இன்னொரு பிள்ள குரல்தான் கணீர்னு வருது."

"ஓகோ. எந்தங்கச்சி முணங்குறா, அந்தப் பிள்ள பாடுது. அப்படித்தான?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. எனக்குப் பேச்சு அப்படித்தான். மறுமொழி அரை மணி கழித்துத்தான் வரும். அதையும் அடுப்பில் இருக்கிற சட்டியிடம்தான் சொல்வேன்.

அன்றைக்குச் சட்டியிடம் நான் சொன்னது இதுதான். வெள்ளிக்கிழமை கனகு வருகிறாள். தன் குரலைக் கேட்கத்தான் சாத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். வந்து உட்கார்ந்து கேட்கும்போது அவள் குரல் இப்படிச் சுண்டிப்போய் வந்தால் அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

அட்டைக்குப் பேர்போன தட்டு

கனகு என் வீட்டுக்காரரின் தங்கை. வாய் ஓயாமல் பேசுவாள். நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகும் முன்னால் நாங்கள் சிவகாசியில் ஒரே வீட்டில் இருந்தோம். தலை பின்னிவிடுவது, பேன் பார்ப்பது, சினிமாக் கதை சொல்வது எல்லாம் எங்கள் இரண்டு பேருக்குள்தான்.

அந்தக் காலத்தில் சிவகாசியில் ஒரு பட்டாசு முதலாளி இருந்தார். குலசாமி மேல் அவருக்கு உயிர். தீபாவளி சீசனுக்கு முன்னால் ஆர்டர் கொடுக்க வருகிற வெளியூர் வியாபாரிகளுக்கு மற்ற கம்பெனிக்காரர்கள் எவர்சில்வர் டப்பா, கைப்பை, காலண்டர் என்று கொடுப்பார்கள். இவர் ஒரு வருஷம், சாமி பாட்டு இசைத்தட்டுக் கொடுக்கலாம் என்று முடிவு கட்டினார்.

பாட இரண்டு பெண்கள். ஒருத்தி முதலாளிக்குச் சொந்தம். இன்னொருத்தி கனகு. கம்பெனிக்கு லேபிள் அடித்துக் கொடுத்த பிரஸ்ஸில் என் வீட்டுக்காரர் மிஷின்மேனாக இருந்தார். கோயில் பஜனையில் கனகு பாடுவதை முதலாளி கேட்டிருந்தார். "ஒன் தங்கச்சியவும் அனுப்புப்பா" என்று சொல்லிவிட்டார். மெட்ராசுக்குக் கூட்டிப்போய், ஆளுக்கு ஒரு மைக் கொடுத்து, தள்ளித் தள்ளி நிற்க வைத்துப் பாட வைத்தார்கள். தும்மல் வந்தால்கூட அடக்கச் சொன்னார்களாம். கனகு அதை இன்றைக்கும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டுவாள்.

தட்டின் அட்டையை என் வீட்டுக்காரர்தான் பிரஸ் மிஷினில் ஓட்டினார். பட்டாசு லேபிள் அடிக்கிற மிஷினில் வேறு எப்படி வரும்? அம்மனைச் சுற்றிப் பொன்னிறம், சிவப்பு, பச்சை, நாலு மூலையிலும் பூவாணம். வடக்கேயிருந்து வந்த ஒரு வியாபாரி அந்த அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புது ரக வெடி என்று நினைத்து, பெட்டிக்கு எத்தனை வரும் என்று கேட்டாராம்.

பாட்டு வெளியே வந்ததும் எல்லாரும் அந்த இன்னொரு பெண்ணைத்தான் பாராட்டினார்கள். முதலாளி வீட்டுச் சொந்தம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். குரலும் நல்ல குரல்தான். தட்டு வெளியானதற்கு முதலாளி வைத்த விருந்தில் ஒரு பெரிய மனிதர், "ரெண்டாவது பிள்ள சும்மா வாயசைச்சுதோ?" என்று கேட்டுச் சிரித்தார். பந்தியே சிரித்தது. கனகும் சிரித்தாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

கனகு கல்யாணமாகிப் போகும்போது கொண்டுபோன தட்டு, தகரக் கூரைக்கு அடியில் பரணில் கிடந்து அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. எங்கள் ஊர் வெயில் தட்டுக்குப் பூசணம் பிடிக்க விடாது. ஆனால் அசந்தால் வளைத்துவிடும். எங்களிடம் இருந்ததை நான் கல் அலமாரியில் நெட்டுக்குத்தாக நிறுத்தி வைத்திருந்ததால் அது தப்பியது.

கையை உதறியது

பாட்டு கேட்பது என் ஆசை. வேறு ஆசை எனக்கு அதிகம் கிடையாது. மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு தட்டின் ஒரு பக்கம் கேட்பேன். அதற்குள் யாராவது வந்துவிட்டால் நிறுத்திவிடுவேன். நான் பாட்டு கேட்கிறதை இன்னொருவர் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அட்டைக்குள்ளிருந்து தட்டை உருவும்போது காய்ந்த நாட்களில் 'சட்சட்' என்று விரலில் சுண்டும். முதல் தடவை அப்படிச் சுண்டியபோது நான் தட்டை மெத்தையில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் பட்டாசு வேலைக்குப் போனவள். மருந்து அறைக்குள் நுழையும் முன்னால், உடம்பில் ஏறின கரண்ட் இறங்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும், நைலான் சேலை கட்டக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். சுண்டினால் ஓடு என்றுதான் இந்தக் கால் பழகியிருக்கிறது. இன்றைக்கும் தட்டை உருவும் முன்னால் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொள்வேன். என் வீட்டுக்காரர், "சாமி கும்பிட்டாச்சா? பாட்டப் போடு" என்பார்.

எங்கள் பழைய பெட்டி சூட்கேஸ் மாதிரி இருக்கும். மூடியிலேயே ஸ்பீக்கர், ஒன்றே ஒன்று. விருதுநகருக்கு வீடு மாறி வந்தபோதும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கடைசியில் உள்ளே தட்டைச் சுற்றுகிற ரப்பர் சக்கரம் கல்லாகிவிட்டது. பாட்டு இழுத்து இழுத்து, சளி பிடித்தவர் மாதிரி வந்தது. அதற்குப் பொருந்துகிற ஊசியும் கிடைக்கவில்லை.

சீட்டு எடுத்த பணம் கொஞ்சம் இருந்தது. "புதுசு வாங்குவோம்" என்றார் அவர்.

முருகேசன் வீட்டு மாடி

முதலில் போனில் பார்த்தோம். சிவப்பு, நீலம், ரோஸ் என்று அழகழகான சூட்கேஸ் பெட்டிகள் வந்தன. விலையும் நமக்குப் பக்கத்தில் இருந்தது. அப்புறம் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஒரு கடைக்குள் நுழைந்தோம். அங்கே இருந்ததெல்லாம் மோட்டார் சைக்கிள் விலை. ஏசி குளிரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டோம்.

பிறகுதான் முருகேசன் ஞாபகம் வந்தது. முன்பு கல்யாண வீடுகளுக்கு மைக்செட் போட்டவர். இப்போது பழைய செட்டுகளை வாங்கிச் சரிபண்ணி விற்கிறார். அவர் வீட்டு மாடி முழுக்க ஆம்ப்பும் ஸ்பீக்கரும்தான். ஆள் உட்கார இடமில்லை. நான் படிக்கட்டிலேயே நின்றுகொண்டேன்.

"அக்கா, அந்தச் சிவப்புப் பெட்டி வேண்டாம்" என்றார் அவர். "பாக்கத்தான் அழகு. அதோட கை ரொம்பக் கனம். எடையைக் கூட்டிக் குறைக்க வழி கிடையாது. தட்டை உழுதுரும். நீங்க ஒரே தட்டை நூறு மட்டம் கேக்குற ஆளு."

"அப்ப எதைத்தான் வாங்கச் சொல்ற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பழசுல நல்லதா எடுங்க அண்ணாச்சி. பெல்ட்ல ஓடணும். கைக்குப் பின்னால எடைக்குண்டு இருக்கணும், அதத் திருகித்தான் ஊசி எம்புட்டு அமுக்கணும்னு வைக்கிறது. கார்ட்ரிட்ஜைக் கழத்தி வேற மாட்ட வசதி இருக்கணும். மிஷின ஒருதடவதான் வாங்குவீக. ஊசிய அப்புறமாக்கூட ஒசத்திக்கிடலாம்."

"கார்ட்ரிட்ஜ்னா?"

கையின் நுனியில் இருந்த சின்னக் கட்டையைத் தொட்டுக் காட்டினார். ஊசியின் நடுக்கத்தைப் பாட்டாக மாற்றி ஒயருக்குள் அனுப்புவது அதுதானாம். கட்டை அப்படியே இருக்கும், முன்னால் இருக்கிற ஊசியை மட்டும் உருவிவிட்டு அதைவிட நல்லதைச் செருகலாம் என்றார். குக்கரை மாற்றாமல் வளையத்தை மட்டும் மாற்றுகிற மாதிரி என்று நான் மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

மூலையில் ஒரு மிஷின் இருந்தது. சாம்பல் நிறம், ஓரத்தில் கீறல். அவர் புது பெல்ட் போட்டிருந்தார். ஒரு சின்னத் தராசை வைத்து ஊசி முனையின் எடையை நிறுத்துக் காட்டினார். ஒரு சிட்டிகை அரிசி எடைகூட இருக்குமா என்று தெரியவில்லை. அவ்வளவு லேசாக ஒன்று தொட்டு இவ்வளவு சத்தம் வருகிறதா என்று எனக்கு ஆச்சரியம்.

கீறலுக்காக விலையில் கொஞ்சம் குறைத்தார். கூடவே, பாட்டைப் பெருக்கித் தருகிற பழைய ஆம்ப் ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு. என் வீட்டுக்காரர் பேரம் பேசி, கடைசியில் பேரத்தில் ஜெயித்தது யார் என்று இரண்டு பேருக்குமே தெரியாமல் முடிந்தது.

ஊசி மாற்றினோம்

எங்கள் முன்னறை ரயில் பெட்டி மாதிரி நீளம். ஒரு ஸ்பீக்கரைத் தெருக்கதவுப் பக்கமும் இன்னொன்றை அடுப்படிப் பக்கமும் ஒரே சுவர் ஓரமாக வைத்தார்கள். எதிர்ச்சுவரை ஒட்டி என் வீட்டுக்காரரின் நாற்காலி, நட்டநடுவில். நான் எப்போதும் போல அடுப்படி நிலையோரம்.

முதல் தட்டாகக் கனகு தட்டைத்தான் போட்டோம். முதல் பாட்டிலேயே எனக்குத் திக்கென்றது. கனகு குரல் எங்கோ தூரத்தில், சொல்லே பிடிபடாமல் வந்தது.

தட்டு தேய்ந்துவிட்டதோ? முருகேசனுக்குப் போன் போட்டோம். வந்தார். கேட்டார். வெளி ஆள் வந்திருக்கும்போது நடுவில் போய் உட்கார எனக்கு ஏலாது, நிலைக்கு உள்ளேதான் நின்றேன்.

"நல்லாத்தான கேக்குது அக்கா?"

"கனகு குரல் சுண்டிப்போயிருக்கு" என்றேன். அதைச் சொல்லவே எனக்கு வேர்த்துவிட்டது.

அவர் யோசித்தார். "தட்டுல உள்ள பள்ளத்துக்கு ரெண்டு ஓரம் உண்டு அக்கா. ஒரு ஓரத்துல ஒரு பக்கத்துப் பாட்டு, மறு ஓரத்துல மறு பக்கத்துப் பாட்டு. இப்ப இருக்கிறது உருண்டை முனை. மேலாப்புல போகும். கொஞ்சம் நீளவாக்குல செதுக்குன முனை ஒண்ணு இருக்கு, அது ஓரத்தை எல்லாம் தடவிட்டுப் போகும். வேணும்னா போட்டுப் பாப்போம்."

கையில் மிச்சமிருந்தது அந்த ஊசிக்குச் சரியாக இருந்தது. அடுத்த தீபாவளிக்கு என்று நான் ஒதுக்கியது. "போடுங்க" என்றேன். நானே முந்திக்கொண்டு சொன்னதில் என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஊசி மாறியது. அம்மாடி, என்ன தெளிவு! தவில் தோலில் விரல் படுவதுகூடக் கேட்டது. அந்த இன்னொரு பெண் மூச்சு இழுப்பது கேட்டது. கனகு மட்டும் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தாள்.

அப்போது வந்ததுதான் நான் முதலில் எழுதிய சண்டை. தன் தங்கையை நான் மட்டம் தட்டுகிறேன் என்று அவர் முடிவு செய்துவிட்டார். என்னைச் சொல்லித் தப்பில்லை, அவரைச் சொல்லியும் தப்பில்லை. அவர் காதுக்குக் கனகு முழுசாக இருந்தாள். என் காதுக்கு இல்லை. ஒரே வீட்டில் ஒரே பாட்டு.

இதில் இன்னொரு கூத்து. அவர் சாத்தூருக்குப் போன் போட்டு, "ஒம் மதினிக்கு ஒங் குரலே கேக்கலையாம்" என்று கனகுவிடம் சொல்லிவிட்டார். வேடிக்கையாகத்தான் சொன்னாராம். எனக்கோ அந்தப் பந்தியில் சிரித்த பெரிய மனிதர் வரிசையில் நானும் போய் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை

கனகு பத்து மணி பஸ்ஸில் வந்தாள். ஒரு கையில் சேவுப் பொட்டலம், ஒரு பையில் வெள்ளரிப் பிஞ்சு.

"எப்படி இருக்கீக மதினி? எங்குரல் கேக்கலையாமே ஒங்களுக்கு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் செருப்பைக் கழற்றும்போது என்னைப் பார்க்கவில்லை. அவளை எனக்குத் தெரியாதா?

"அப்படி இல்ல கனகு..." என்று ஆரம்பித்தேன்.

"நாத்தனா குரல்னா யாருக்குத்தான் கேக்கும்?" என்றாள் தன் அண்ணனிடம். அவரும் கெக்கெக்கே என்று சிரித்தார். நான் வெள்ளரிப் பிஞ்சைக் கழுவப் போய்விட்டேன்.

அவளை நட்டநடு நாற்காலியில் உட்கார வைத்து, என் வீட்டுக்காரர் தட்டைப் போட்டார். நான் காபியோடு வந்தேன். ஊசி இறங்குகிற அந்தச் சின்னச் சத்தம். பிறகு பாட்டு.

கனகு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு தானாக அசைந்தது. எனக்கோ, எப்போதும் போல, அந்த இன்னொரு பெண்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

காபித் தட்டை இறக்கி வைக்க எதிர்ச்சுவர் அலமாரிப் பக்கம் திரும்பினேன். ஸ்பீக்கருக்கு என் முதுகு.

கனகு பாடினாள்.

கணீரென்று. பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி. பின்னல் பின்னிக்கொள்ளும்போது பாடுவாளே, அதே குரல். நான் காபித் தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றேன். ஆனால் இப்போது அந்த இன்னொரு பெண்ணைக் காணோம்.

"கேக்குது!" என்று கத்திவிட்டேன். நான் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார்.

"என்ன கேக்குது?"

"கனகு பாடுறா."

"அவ அப்பயே பிடிச்சுப் பாடிக்கிட்டுத்தான இருக்கா!"

"இல்லங்க. இந்தப் பக்கம் திரும்பினா கனகு பாடுறா. அந்தப் பக்கம் திரும்பினா அந்தப் பிள்ள பாடுது."

இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கனகு வந்து என் தோளைப் பிடித்தாள். "மதினி, இப்படித் திரும்புங்க. இப்ப?" என்றாள். "அந்தப் பிள்ள." "இப்படி?" "நீ." "மறுபடி திரும்புங்க." கண்ணாமூச்சி விளையாட்டில் கண்ணைக் கட்டிச் சுற்றிவிடுவது போல என்னைச் சுற்றினாள். எனக்குத் தலை கிறுகிறுத்தது, சிரிப்பும் வந்தது.

சட்டென்று அவள் நிறுத்தினாள். என் வலது காதைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

பாட்டே நின்றுவிட்டது. அவள் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. உண்மையிலேயே வாயசைக்கிற மாதிரி. கையை எடுத்தாள்.

"நான் இப்ப என்ன சொன்னேன் மதினி?"

"தெரியலயே."

"அண்ணே, மிஷின்ல ஒண்ணுமில்ல" என்றாள் கனகு. "மதினிக்கு எடது காது கேக்கல."

எனக்கே தெரியாது. வலி கிடையாது, சீழ் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. பழைய பெட்டியில் எல்லாக் குரலும் ஒரே ஸ்பீக்கரில் வந்ததால் ஒற்றைக் காதே போதுமாக இருந்திருக்கிறது. இந்த மிஷின் கனகுவைத் தெருப்பக்கமும் மற்றவளை அடுப்படிப் பக்கமும் பிரித்து நிறுத்தியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தட்டு முடிந்து ஊசி உள் வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"அப்ப... நீ எம்மேல கோவமா இல்லியா?"

"எதுக்குக் கோவம்?"

"ரெண்டு வருசமா நான் கூப்பிட்டா நீ திரும்புறதே இல்ல. சாப்பிடும்போது ஏதாவது கேட்டா பதில் கிடையாது. சரி, எதுக்கோ கோவமா இருக்கேன்னு நானும் விட்டுட்டேன்."

"என்ன கோவம்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே! அதுக்கும்தான் நீ பதில் சொல்லலயே!"

கனகு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பிட உட்கார்ந்தால் அவர் இடம் எப்போதும் எனக்கு இடது பக்கம்தான். பாவம், இரண்டு வருஷமாக எனக்குப் பயந்துகொண்டே சாப்பிட்டிருக்கிறார்.

இரண்டு பேரும் ஒரே பக்கம்

முருகேசனுக்குப் போன் போட்டார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கு இன்னொரு கார்ட்ரிட்ஜா வாங்கப் போறீக?" என்றார். "ஆம்ப்ல வலது கோடியில ஒரு திருகு இருக்கும் பாருங்க அண்ணாச்சி. மோனோன்னு போட்டிருக்கும். அதத் திருப்புங்க. ரெண்டு பக்கமும் சேந்து வந்துரும்."

அவர் திருப்பினார். தட்டை மறுபடி முதலில் இருந்து போட்டார்.

நான் நிலையோரத்தில் உட்காரவில்லை. கனகு என்னை இழுத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தான் தரையில் என் வலது பக்கம் உட்கார்ந்தாள்.

இரண்டு பேரும் வந்தார்கள். பழைய பெட்டியிலும் இரண்டு பேரும்தான் வந்தார்கள், ஆனால் அது கூட்டத்தில் கேட்கிற மாதிரி. இப்போது புது ஊசி ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுத்தது. அப்போதுதான் இத்தனை வருஷமாக நான் கவனிக்காத ஒன்றைக் கவனித்தேன். அந்தப் பெண் மேலே மேலே போகிற இடத்தில் எல்லாம் கனகு கீழே ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். ஆட்டம் இல்லை, அசைவு இல்லை.

"நீ நிக்கிறதுனாலதான் கனகு அவ அம்புட்டு தூரம் போறா" என்றேன்.

எனக்கு இசை தெரியாது. காதில் பட்டதைச் சொன்னேன். கனகு வெள்ளரிப் பிஞ்சு ஒன்றை எடுத்தாள், கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

பாட்டு முடிந்ததும், "வாயசைச்சேன்னு சொன்னாருல்ல, அந்த ஆளு உசிரோட இருந்தா இப்பக் கூட்டிட்டு வாங்கண்ணே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பிஞ்சைக் கடித்தாள்.

சாயங்காலம் பஸ் ஏறும் வரை அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். போகும்போது என் வலது காதில் வாயை வைத்து, "மதினி, அடுத்த வெள்ளியும் வருவேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

அதன் பிறகு

காது டாக்டரிடம் போனோம். வயசுதான், நரம்பு ஓய்ந்துவிட்டது, வேண்டுமென்றால் மிஷின் வைக்கலாம் என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். வலது காது நன்றாக இருக்கிறது. இப்போதைக்கு அது போதும் போல இருக்கிறது.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் இடம் மாறி வலது பக்கம் வந்துவிட்டார். இரண்டு வருஷப் பேச்சையும் சேர்த்துப் பேசுகிறார். சில நேரம் அந்தப் பழைய இடமே தேவலை என்று தோன்றும்.

போன வாரம் நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தேன். அவர் தனியாக உட்கார்ந்து பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடி, விரலால் நாற்காலிக் கையில் தாளம். ஆம்ப்பைப் பார்த்தேன். திருகு மோனோவில்தான் இருந்தது. அவர் தனியாக இருக்கும்போது இரண்டு பக்கமாகப் பிரித்தே வைத்துக் கேட்கலாம். இரண்டு காதும் நல்ல காது. தள்ளித் தள்ளி நின்று பாடுகிற அழகு அவருக்காவது கிடைக்கட்டுமே.

"ஏங்க, திருப்பி வச்சுக் கேக்கலாம்ல?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, "அது பழைய திருகு. இறுகிப்போச்சு. திருப்ப வரல" என்றார்.

பாட்டு முடிந்து அவர் முகம் கழுவப் பின்னால் போனார். நான் போய் அந்தத் திருகைத் தொட்டேன். ஒற்றை விரலுக்கே எண்ணெய் போட்ட மாதிரி திரும்பியது.

திரும்பவும் மோனோவிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, அவருக்குக் காபி போடப் போனேன்.